ஆள் இருக்கும் குடிசைக்குத்தான் மனை

கருவேலம்பட்டு ஏரிக்கரையில் இருளர் குடிசைகள் இருந்தன. அங்கே ஜெயம்மாவுக்கு வாய் நீளம் என்று பேர். இல்லாமல் முடியுமா? எலி வளை தோண்டவோ நாற்று நடவோ ஆள் கூப்பிட வருகிறவர்கள் அதட்டித்தான் பேசுவார்கள். திருப்பி அதட்ட ஒருத்தி வேண்டாமா? புருஷன் அப்பு வாயில்லாப் பூச்சி.

அவள் கோபமெல்லாம் வீட்டைப் பற்றித்தான். ஐப்பசியில் ஏரி நிரம்பினால் தண்ணீர் குடிசைக்குள் வந்து அடுப்பை அணைத்துவிடும். பள்ளிக்கூட வராந்தாவில் போய் ஒண்டினால், பிள்ளைகள் வருகிற நேரம், எழுந்து போங்க என்பார் வாத்தியார். ஊருக்கு மேற்கே மேட்டுத் தரிசு சும்மாதான் கிடந்தது. அதில் ஆளுக்கொரு மனை கொடுத்தால் யார் குடி முழுகிவிடும்?

எண்பத்தாறில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்ததும் தாண்டவராயன் வந்தார். பெரிய நிலக்காரர். அதுவரை அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காத மகராசன், சேற்றில் நின்று கும்பிட்டார்.

"மேட்டுல அல்லாருக்கும் மனைப்பட்டா, கவர்மெண்டு வூடு. நான் கெலிச்சா மொத வேல அதான் ஜெயம்மா."

நம்பித் தொலைத்தாள். குடிசை குடிசையாகப் போய் எல்லோரையும் ஓட்டுப் போடக் கிளப்பினாள்.

தாண்டவராயன் கெலித்து பிரசிடெண்டு ஆனார். அப்புறம் கேட்கணுமா! இன்றைக்கு வா, நாளைக்கு வா என்று இழுத்தடித்தார். இன்னொரு ஐப்பசியும் அடுப்பை அணைத்துவிட்டுப் போனது. ஜெயம்மா விடவில்லை. அவர் களத்துமேட்டுக்கே போய் நின்று கத்தினாள். தொல்லை தாங்காமல் மாசியில் அவரே சொல்லி அனுப்பினார்.

"பௌர்ணமி நல்ல நாளு. மனை விசயமா அதிகாரி வராரு. ஆள் கீற குடிசைக்குத்தான் மனை. அல்லாரும் வாசல்ல நிக்கணும்."

அன்றைக்கா? மாசிப் பௌர்ணமி என்றால் மாசி மகம். அன்றைக்கு இருளர் ஒருத்தரும் ஊரில் தங்க மாட்டார்கள். பானை சட்டியோடு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய், மணலில் புடவையால் கூடாரம் கட்டி, விடியலில் குலதெய்வம் கன்னியம்மாவுக்குப் பூசை போடுவார்கள். கல்யாணமும் அந்த மணலில்தான். இந்த வருஷம் அவள் மகள் கங்கம்மாளுக்கே கல்யாணம்.

பிரசிடெண்டிடம் ஓடினாள். "ஐயா, வேற நாள் வைங்க. அன்னிக்கு எங்க சனம் கடலாண்ட கீது."

"இன்னா பேஜாரு உன்னோட! அதிகாரி உங்க வசதிக்கா வருவாரு?"

திரும்பி வந்து சனத்திடம் கெஞ்சினாள். "இந்த ஒரு வருசம் தாயி பொறுத்துக்குவா."

பூசை போடுகிற இருசப்பன் சீறினார். "கன்னியம்மாவயே நாள மாத்திக்கச் சொல்றியா? வாயக் கழுவு!"

ஜெயம்மாவுக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டின. நாளைக்கு மகள் பெறுகிற பிள்ளையும் இதே சேற்றில்தானா? அப்புவைக் கூப்பிட்டாள்.

"நீ பொண்ண கூட்டிக்கினு போ. நான் வூட்டு விசயத்த பாக்கறேன்."

கங்கம்மாள் அழுதாள். "நீ இல்லாமயா தாலி கட்டிக்கிறது?"

"அல்லாம் உனுக்கோசரந்தாண்டி."

பௌர்ணமியன்று காலையில் ஜெயம்மா ஒவ்வொரு குடிசை வாசலையும் பெருக்கினாள். ஆள் புழங்குகிற மாதிரி தெரியட்டும் என்று ஒவ்வொரு அடுப்பிலும் நெருப்பு மூட்டினாள். புகையில் கண் எரிந்ததுதான் மிச்சம். உச்சி வெயிலில் அதிகாரியின் ஜீப் வந்தது. பிரசிடெண்டும் கூடவே இறங்கினார்.

"ஆளுங்க எங்க? பானைகூட இல்ல. காலி பண்ணிட்டாங்களா?" என்றார் அதிகாரி.

"மகத்துக்குப் போய்க்கிறாங்க சார். நாளன்னிக்கு வந்துருவாங்க. இது இருசப்பன் வூடு, இது முனியன் வூடு..."

அதிகாரி பிரசிடெண்டைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மனுஷர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"இவங்க இப்டித்தான் சார். ஓரெடத்துல தங்க மாட்டாங்க."

"நெலையா குடியிருக்கிறவங்களுக்குத்தான் மனை. ஒரே ஒரு பொம்பளைக்காக காலனி போட முடியுமா?" அதிகாரி ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

"அடப்பாவி, ஓட்டு கேக்க வந்தப்ப மட்டும் நெலையா இருந்தமா?" ஜெயம்மா மண்ணை வாரித் தூற்றினாள். ஜீப் போய்விட்டது.

மகம் முடிந்து எல்லோரும் திரும்பினார்கள். கழுத்தில் மஞ்சள் கயிறோடு கங்கம்மாள் முதலில் ஓடி வந்தாள்.

"அல்லாரும் உன்ன கேட்டாங்கம்மா. எங்கம்மா வூடு வாங்க போய்க்கீதுன்னு சொன்னேன். மேட்டுல எது நம்முளுது?"

"ஒண்ணும் குடுக்கலடி." ஜெயம்மா மகளின் கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். "இது கட்டறப்ப உன் பக்கத்துல யாருடி நின்னாங்க?"

"யாரையும் நிக்க உடல. நீ எப்டியும் வந்துருவேன்னு ரோட்டையே பாத்துக்கினு இருந்தேன்."