வலிக்காத கால்

என் மனைவி என்னைவிட வேகமாக ஓடுவாள். இந்த ஒரு வரியை ஒப்புக்கொள்ள எனக்கு ஐந்து ஊர்களும் ஒரு மலையும் தேவைப்பட்டன.

நான் கள்ளக்குறிச்சியில் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற கையோடு இருவருக்கும் சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். பள்ளி மைதானத்தில் காலையில் நடந்தோம். அங்கே ஓட வரும் வங்கி அதிகாரி ஒருவர், "ஊரூருக்கு அரை மாரத்தான் நடக்குது சார். இருபத்தொரு கிலோமீட்டர். அறுபது வயசுக்கு மேல தனிப் பிரிவே இருக்கு" என்றார். அப்படித்தான் முதலில் புதுச்சேரி போனோம். பிறகு மாமல்லபுரம், ஏற்காடு, குன்னூர், கொடைக்கானல். எங்கள் வயதுக்காரர்கள் கோயில் கோயிலாகப் போனார்கள். நாங்கள் புளிச்சோறும் ஷூவும் கட்டிக்கொண்டு ஓட்டம் ஓட்டமாகப் போனோம்.

உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறும்போது ஓர் அம்மாள் கேட்டார், "எந்தக் கோயிலுக்குப் போறீங்க?"

"கோயிலுக்கு இல்லக்கா. ஓடறதுக்குப் போறோம்" என்றாள் இவள்.

அந்த அம்மாள் எங்கள் தலை நரையையும் காலில் இருந்த ஷூவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னாம்மா, பசங்க சோறு போடலியா?" என்றார்.

கல்யாணமான நாள் முதல் என் மனைவி எனக்கு மூன்றடி பின்னால் நடந்து பழகியவள். கடைத்தெருவிலும் அப்படித்தான், கல்யாண வீட்டிலும் அப்படித்தான். நான் சொல்லித்தந்ததில்லை. வேண்டாம் என்று சொன்னதுமில்லை. ஓட்டத்திலும் அந்த மூன்றடி எங்களோடு வந்தது. ஒவ்வொரு ஊரிலும் என் நேரத்தைவிட அவள் நேரம் இரண்டு வினாடி அதிகமாக இருக்கும். ஷூவில் கட்டும் சிப்தான் நேரத்தைக் குறிக்கும். மாமல்லபுரத்தில் முடிவுகளைப் பதிவு செய்த இளைஞர் எங்களைத் தனியே அழைத்து, "ரெண்டு சிப்பையும் ஒருத்தரே கட்டிக்கிட்டு ஓடினீங்களா ஐயா?" என்று கேட்டேவிட்டார்.

ஏற்காட்டில்தான் எனக்கு உண்மை தெரிந்தது. மேட்டில் நான் நாக்கு வெளியே தள்ள ஏறிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து அவள், தண்ணீர் கொடுத்த பெண்ணிடம் மிளகுக்கொடி எத்தனை வருடத்தில் காய்க்கும் என்று விசாரித்துக்கொண்டு வந்தாள். மூச்சு வாங்கவேயில்லை. கச்சிராயபாளையத்தில் கரும்பு வயலுக்குக் கஞ்சிப்பானையைச் சுமந்துகொண்டு வரப்பில் ஓடி வளர்ந்தவள் அவள். நான் கரும்பலகைக்கும் மேசைக்கும் இடையே நடந்து வளர்ந்தவன்.

தெரிந்தபின் நான் செய்ததுதான் தப்பு. அவள் மூச்சுச் சத்தம் என் தோளுக்கு அருகே வரும்போதெல்லாம் ஷூ கயிறு அவிழ்ந்துவிட்டது என்று குனிவேன். அல்லது சிறுநீர் வருகிறது என்று ஒதுங்குவேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவளும் நிற்பாள். முழங்கால் எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

கல்வராயன் மலையில் ஓர் ஓட்டம் நடக்கப்போவதாகச் செய்தி வந்தபோது அவள் முதன்முறையாக ஒன்று கேட்டாள்.

"இந்த ஒரு வாட்டி நான் என் பாட்டுக்கு ஓடட்டுங்களா? எங்க ஊரு ஆளுங்க வராங்க. மொதலா வந்து பாக்கணும்னு ஆசயா கீது."

"தாராளமா ஓடு" என்றேன். சொன்னபோது மனசாரத்தான் சொன்னேன்.

வெள்ளிமலையில் காலைப் பனியில் புறப்பட்டோம். பாதி தூரம் போய் அதே சாலையில் திரும்பி வரவேண்டும். முதல் வளைவிலேயே அவள் என்னைத் தாண்டினாள். அவள் முதுகை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். சுடிதாரில் முதுகுப்பக்கம் குத்திய எண் அட்டை படபடவென்று அடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் முதுகும் மறைந்தது.

எட்டாவது கிலோமீட்டரில் நான் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்க, அவள் திரும்பி எதிரே வந்தாள். அறுபது வயதுக்கு மேற்பட்ட பெண்களில் அவளுக்கு முன்னால் யாருமில்லை. முகம் சிவந்து, யாரோ ஒரு சின்னப் பெண்போல் இருந்தாள். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அவ்வளவுதான். எனக்கு என்ன ஆனதென்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. "ஐயோ" என்று வலது கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு நிமிடம் நிற்பாள், விசாரிப்பாள், போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் மண்டியிட்டு உட்கார்ந்து காலைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"நீ போ" என்றேன்.

"சும்மா கெடங்க. நரம்பு சுருட்டிக்கினா எழுந்து நடக்க முடியாது."

அவள் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே நீலத்தொப்பி போட்ட, எங்கள் வயது அம்மாள் ஒருவர் எங்களைக் கடந்து இறங்கினார். மனைவி தலையைத் தூக்கி அந்தத் தொப்பியைப் பார்த்தாள். மறுபடி குனிந்து தேய்த்தாள். அப்போதாவது நான் எழுந்திருக்கலாம். எழுந்தால் பொய் தெரிந்துவிடும் என்று இன்னும் கொஞ்சம் முனகினேன்.

முனகல் அதிகமாகிவிட்டது. ஆம்புலன்ஸ் வந்தது. அதிலிருந்து வலி மருந்து ஸ்பிரேயோடு இறங்கிய நர்ஸ், "எந்தக் கால் ஐயா?" என்று கேட்டார்.

நான் இடது காலை நீட்டினேன்.

மனைவியின் கை இன்னும் என் வலது காலில் இருந்தது. அவள் தன் கையைப் பார்த்தாள். நீட்டிய காலைப் பார்த்தாள். கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டு எழுந்து, "இவர பாத்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

என்னை ஸ்ட்ரெச்சரில் போட்டு ஏற்றினார்கள். வண்டி முடிவுக்கோட்டை நோக்கித்தான் போயாகவேண்டும், வேறு சாலை இல்லை. ஓடுகிறவர்களுக்கு வழிவிட்டு ஊர்ந்து போய், கடைசி வளைவில் அவளைத் தாண்டினோம். "இந்தம்மா இன்னா ஓட்டம் ஓடுது பாருங்க சார்" என்றார் டிரைவர். ஆக, அன்றும் அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தவன் நான்தான்.

முடிவுக்கோட்டில் அவள் தம்பி, குட்டியானை சரக்கு வண்டியில் இருபது பேரை ஏற்றிக்கொண்டு வந்து, ரோஜா மாலையோடும் இரண்டு மேளக்காரர்களோடும் நின்றிருந்தான். முதலில் இறங்கியது நான், படுத்தபடி. மேளம் நின்றது. "ஐயையோ மாமா!" என்று அவன் கத்த, பெண்கள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். அந்த அழுகைக்கு நடுவே அவள் இரண்டாவதாக வந்து சேர்ந்தாள். அவள் வந்ததை யாரும் பார்க்கவில்லை. மாலை என் ஸ்ட்ரெச்சர் மேல் கிடந்தது.

மலையிலிருந்து இறங்கும்போது தம்பியின் வண்டியில் எல்லாரும் அவளைப் புகழ்ந்தார்கள். "புருசனுக்காக மொதல் பரிச வுட்டுடுச்சே." அவள் மலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

தம்பி எங்களைக் கச்சிராயபாளையத்தில் தன் வீட்டிலேயே தங்கவைத்தான். மலைக்காரர்களிடம் வாங்கிய ஏதோ ஒரு மூலிகை எண்ணெயைக் காய்ச்சி, காலையும் மாலையும் என் இரண்டு கால்களையும் தேய்த்தான். கரும்பு வெட்டிக் காய்த்த கை. எலும்பு வேறு சதை வேறாகப் பிரித்துவிடுவான்போல் இருந்தது. எனக்கு உண்மையாகவே வலி வந்தது. மூன்றாம் நாள் காலை அவன் கட்டைவிரலைக் கெண்டைக்காலில் வைத்து அழுத்தியபோது என்னால் முடியவில்லை.

"வுட்றா! கால்ல ஒண்ணுமே இல்ல. அன்னிக்கும் ஒண்ணும் இல்ல. உங்க அக்கா ஜெயிச்சிடுவாளேன்னு பொய் சொன்னேன்!"

அவன் நிதானமாக எண்ணெய்க் கிண்ணத்தை மூடினான்.

"தெரியும் மாமா. அன்னிக்கே அக்கா சொல்லிடுச்சு. நீங்களா வாயத் தொறந்து சொல்ற வரிக்கும் தேய்க்கச் சொல்லிச்சு. நானே இன்னிக்கு சாயங்காலத்தோட வுட்டுடலாம்னு இருந்தேன், கை நோவுது."

அடுப்பங்கரையிலிருந்து அவள் வந்து நின்றாள். "உனக்கு எப்போ தெரியும்?" என்று கேட்டேன்.

"ஏற்காட்டுலயே தெரியும். ஷூ கயித்த நான்தான ரெண்டு முடிச்சு போட்டுக் கட்டி வுட்டேன். அது எப்பிடி அவுரும்?"

"அப்புறம் ஏன் அன்னிக்கு நின்ன?"

"நெசமாவே வலிச்சிருந்தா?" என்றாள். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, "ஆனா எந்தக் காலுன்னு கூடவா மறந்துபோவும்? நாப்பது வருசம் வாத்தியாரு வேல பாத்தவரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். தம்பி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

மலை ஓட்டம் மறுவருடம் நடக்கவில்லை. அதற்குப் பிறகும் நடக்கவில்லை. அவள் ஊர்க்காரர்கள் எதிரில் அவள் முதலாக வந்திருக்கவேண்டிய ஒரே காலையை நான் உட்கார்ந்து கெடுத்தேன். மன்னிப்புக் கேட்டேன். "செரி" என்றாள். செரி என்றால் என்ன அர்த்தம் என்று கேட்கும் துணிச்சல் எனக்கில்லை.

இப்போதும் ஊரூராகப் போகிறோம். அவளுக்கு இருபத்தொரு கிலோமீட்டர். எனக்கு ஐந்து, அது அவள் வைத்த நிபந்தனை. பள்ளிப் பிள்ளைகளோடு ஓடி முடித்துவிட்டு, அவள் பையையும் துண்டையும் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கயிற்றுக்கு வெளியே நிற்கிறேன். தூரத்தில் அவள் தெரிந்ததும் கைதட்டுகிறேன். அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கோட்டைத் தாண்டும் வரை பார்க்கக்கூடாது என்று முடிவு செய்திருக்கிறாளாம்.