ரத்தினசாமி பாஸ் செய்த கார்

அனுப்பர்பாளையத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் ரத்தினசாமிக்கு முப்பத்தோரு வருடமாக ஒரே வேலை. குறை கண்டுபிடிப்பது. டியூப்லைட்டுக்குக் கீழே நீளமான மேசை, அதன்மேல் தைத்து முடித்த டி-ஷர்ட்டுகள், அவர் கையில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர். ஒரு தையல் விட்டிருந்தால் அங்கே அம்புக்குறி ஒட்டிவிடுவார். ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, நூல் பிசிறு எதுவும் அவரிடம் தப்பாது. அவர் “பாஸ்” என்று சொல்லிவிட்ட பெட்டியை வாங்குகிறவன் பிரித்துப் பார்க்கவே வேண்டாம் என்று முதலாளியே சொல்வார்.

கம்பெனிக்கு அது நல்லதுதான். மனுஷன் அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்ததுதான் தொல்லை. தக்காளியில் பாஸ், ரிஜெக்ட். கல்யாணப் பத்திரிகையில் பாஸ், ரிஜெக்ட். மகள் அனிதாவைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையைக்கூடப் பத்தே நிமிடம் பார்த்துவிட்டு “பாஸ்” என்று எழுந்துவிட்டார். மனைவி தெய்வாத்தாள் வைக்கும் ரசம் மட்டும் இன்றுவரை பரிசோதனைக்கு வந்ததில்லை. அதற்கு அவருக்குத் தைரியம் போதாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவரும் சம்பந்தி தங்கவேலுவும் ஒரே நாளில் ஒரே மாதிரி எலக்ட்ரிக் கார் வாங்கினார்கள். தங்கவேலுவுக்கு அவிநாசிபாளையத்தில் எட்டு மெஷின் ஓடும் நிட்டிங் யூனிட். கார் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. “நீங்க பாத்துச் சொன்னா நான் கண்ண மூடிட்டு வாங்கிக்கறனுங்க” என்று சொல்லிவிட்டார். ஷோரூமில் ரத்தினசாமி சீட்டின் மேல் கட்டை விரலை ஓட்டிக்கொண்டே போனவர் சட்டென்று நிறுத்தினார். தங்கவேலுவின் வண்டியில் டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு தையல் விட்டிருந்தது. ஷோரூமே திரண்டு வந்து பார்த்தது. சீட்டை மாற்றிக் கொடுத்தபிறகுதான் இரண்டு காரையும் பாஸ் செய்தார். அந்தக் கதையைத் தங்கவேலு போகிற விசேஷத்திலெல்லாம் சொல்லி, கேட்டவர்களில் மூன்று பேர் அதே காரை வாங்கியும் விட்டார்கள்.

இப்படிப்பட்டவருக்குத்தான் சென்ற மாதம் கார் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. பேட்டரியில் தயாரிப்புக் குறை இருக்கலாம், தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு, இலவசமாக மாற்றித் தருகிறோம். அதுவரை எண்பது சதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்ற வேண்டாம், கட்டடங்களை விட்டுத் தள்ளி வெட்டவெளியில் நிறுத்தவும்.

வேறு யாராக இருந்தாலும் பேட்டரி மாற்ற நாள் கேட்டிருப்பார்கள். ரத்தினசாமிக்குக் காது மடல் சுட்டது. அவர் தொழிலில் அனுப்பிய சரக்கு திரும்பி வருவது சாதாரண விஷயம் இல்லை. பாஸ் செய்தவனின் பெயர் கேட்டுத்தான் முதலில் ஆள் வரும். ஒரே ஒரு தடவை அவர் கையெழுத்துப் போட்ட லாட் திரும்பி வந்தபோது, காய்ச்சல் என்று சொல்லி ஐந்து நாள் வீட்டில் படுத்துக்கொண்டவர் அவர். காரைச் செய்தவனே கூச்சப்படாமல் குறையை ஒப்புக்கொள்கிறான், செய்யாத இவர் குன்றிப்போனார்.

காரைப் போர்ட்டிகோவிலிருந்து எடுத்து மூன்றாவது தெருவிலிருந்த காலி சைட்டில் நிறுத்தினார். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டதற்கு, “வெய்யல் பட்டா பேட்டரிக்கு நல்லதுங்க” என்றார். அவரும் நம்பிக்கொண்டு தன் ஸ்கூட்டரைக் கொண்டுவந்து வெயிலில் வைத்தார்.

அதே செய்தி இரண்டு தடவை வந்திருந்தது. கடைசியில் இருந்த வண்டி எண் மட்டும் வேறு. ஆயிரம் தையலில் விட்டுப்போன ஒன்றைப் பிடிக்கிற கண்ணுக்கு அது படவில்லை. தெரியாமல் இரண்டாவது தடவை அனுப்பிவிட்டான் என்று நினைத்துக்கொண்டார். சம்பந்திக்கும் இப்படி ஒன்று போயிருக்கும் என்பது தெரியும். அவரிடமிருந்து போன் வரும், கேலி வரும் என்று இரண்டு நாள் பயந்துகொண்டிருந்தார். வரவில்லை. ‘பெரிய மனசு, நம்மளைச் சங்கடப்படுத்தக் கூடாதுன்னு வாயே திறக்கலை’ என்று உருகிப்போனார். இப்படி உருகியதில் ஒன்பது நாள் கழிந்தது.

பத்தாவது நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒருவழியாக சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டார்.

“எந்த வண்டிக்குங்க சார்? உங்க நம்பர்ல ரெண்டு வண்டி இருக்குதுங்களே” என்றாள் அங்கிருந்து பேசிய பெண்.

கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டால் தங்கவேலு போனே எடுக்க மாட்டார். அதனால் ஷோரூமில் இரண்டு படிவத்திலும் தன் நம்பரையே எழுதிக்கொடுத்தது ரத்தினசாமிக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சம்பந்தி பெருந்தன்மையாக வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. அவருக்கு விஷயமே தெரியாது. அவர் காரை நிறுத்துவது கீழ்த்தளத்துக் குடோனில், நூல் மூட்டைகளுக்கு நடுவில். மேல்மாடியில்தான் அனிதாவும் மாப்பிள்ளையும் நாலு வயசுப் பேத்தியும் இருக்கிறார்கள். ரத்தினசாமி உடனே சம்பந்தியைக் கூப்பிட்டார்.

சம்பந்தி போனை எடுக்கவில்லை. மகளைக் கூப்பிட்டார், எடுத்தாள். விஷயத்தைக் கேட்டு, “இதோ மாமாகிட்டச் சொல்றனுங்கப்பா” என்றாள். பத்து நிமிடத்தில் அவளே கூப்பிட்டாள்.

“மாமா சிரிக்கறாருங்கப்பா. உங்கப்பா பாஸ் பண்ணுன வண்டி கண்ணு, அதுல குறை இருக்காதுன்னு சொல்லிப்போட்டாருங்க. இப்பக்கூட சார்ஜ்லதான் கெடக்குது.”

“நீ கொழந்தையக் கூட்டிக்கிட்டு வெளியில வந்து நில்லு சாமி. நான் வந்தர்றேன்” என்று பைக்கை எடுத்தார்.

அவிநாசிபாளையம் போய்ச் சேர்ந்தபோது அனிதா குழந்தையோடு ரோட்டோரம் நின்றிருந்தாள். மாப்பிள்ளை அன்று ஊரில் இல்லை. குடோனுக்குள் தங்கவேலு வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். பின்னால் கார் தொண்ணூற்று மூன்று சதத்தில் நின்றது. கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பஞ்சுத் தூசி.

ரத்தினசாமி செல்போனை நீட்டினார். தங்கவேலு கண்ணாடி போட்டுப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இதையெல்லாம் நீங்க நம்பறீங்களா? வேற எதையோ விக்கறதுக்குப் பயங்காட்டறானுங்க. ஒரு தையலு விட்டதுக்கு சீட்டையே மாத்தச் சொன்னவரு நீங்க. காரு கம்பெனிக்காரன் கண்ணு பொய் சொல்லுமுங்க. உங்க கண்ணு சொல்லாதுங்க.”

வெட்கக்கேடு என்னவென்றால், அந்த நேரத்திலும் ரத்தினசாமிக்கு அதைக் கேட்க இனித்தது. குடோனில் வேலை செய்த பீகார்ப் பையன்கள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் இனித்தது. தூசி படிந்த கண்ணாடிக்குள்ளே காரின் சார்ஜ் எண் தொண்ணூற்று நாலாக மாறியது. அதைப் பார்த்ததும் இனிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. வெளியே ரோட்டில் பேத்தி எதற்கோ சிணுங்கிய சத்தம் கேட்டது.

“சம்பந்தி” என்றார். “நான் பாத்தது சீட்டுத் துணியைத்தானுங்க.”

“அப்படீன்னா?”

“அது மட்டுந்தான் எனக்குப் பாக்கத் தெரியுமுங்க. பேட்டரி எங்க இருக்குதுன்னே இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. முன்னால மூடியத் தொறந்து ஒரு தடவ பாத்தேன், ஒண்ணும் புரியல, மூடிட்டேன். அதுக்கப்புறந்தான் பாஸ்னு சொன்னேன். என்ற வண்டிய ஒம்பது நாளா காலி சைட்டுல நிறுத்தி வெச்சிருக்கறனுங்க. அவமானத்துல உங்களுக்குச் சொல்லல.”

முப்பத்தோரு வருடத்தில் அவர் தனக்குத்தானே ஒட்டிக்கொண்ட முதல் அம்புக்குறி அது. பையன்களுக்குத் தமிழ் அவ்வளவாகப் புரியாது என்பதில் மட்டும் கொஞ்சம் ஆறுதல்.

தங்கவேலு சிரிப்பை நிறுத்தினார். சம்பந்தியையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பிளக்கைப் பிடுங்கி, காரை எடுத்து, ரோட்டுக்கு அந்தப்பக்கம் பயிரில்லாத வெறுங்காட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு நடந்தே திரும்பி வந்தார். கார் போன இடத்தில் தரையில் தூசி இல்லாத ஒரு நீள்சதுரம் மட்டும் இருந்தது.

அனிதா குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். தங்கவேலு நூல் மூட்டை மேல் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். கோபம் இருந்ததா என்று அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

“ஏனுங்க சம்பந்தி, எங்க சரவணக்குமாரு பொண்ணு பாக்க வந்தப்பவும் பத்து நிமிசத்துல பாஸ்னு சொன்னீங்களே. அன்னைக்கு எதைப் பாத்தீங்க?”

பொய் சொல்லலாமா என்று ரத்தினசாமி ஒரு கணம் யோசித்தார். இன்றைக்குச் சொன்ன உண்மையே உடம்புக்குப் போதும் என்று தோன்றியது. ஆனால் மகள் எதிரில் நின்றிருந்தாள்.

“சட்டைக் காலருங்க” என்றார். “தையல் நல்லா இருந்துச்சு.”

தங்கவேலுவின் துண்டு அப்படியே முகத்தில் நின்றது. அனிதா மட்டும் அசரவில்லை. குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்.

“அது எனக்கு அன்னைக்கே தெரியுமுங்கப்பா. அதுனாலதான் நான் அவரப் பத்தித் தனியா விசாரிச்சு வெச்சிருந்தேன்.”