முந்தானையில் கட்டிய கை

ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டவளுக்கு ஆடிப்பூரத் தேருக்கு வராமல் இருக்க ஒரு சாக்கும் செல்லாது. காய்ச்சல் என்றால் மாத்திரை போட்டுக்கொண்டு வா என்பார்கள். எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம், தேரன்று என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. மில்லில் பகல் ஷிப்ட். நாங்கள் அப்போது ராஜபாளையத்தில் குடியிருந்தோம். நாலு வயது மகளைக் கூட்டிக்கொண்டு விடிந்ததும் நான் மட்டும் பஸ் ஏறினேன்.

இரண்டு நாளாகவே காற்று சரியில்லை. மலைப்பக்கம் கறுத்துக் கிடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில், வத்திராயிருப்புப் பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் வழியில் தென்னை விழுந்து வண்டி நின்றுவிட்டதைப் பற்றிப் பேசிக்கொண்டு போனார்கள். அப்போதே திரும்பியிருக்கலாம். எதிரே ராஜபாளையம் பஸ் காலியாகத்தான் நின்றது. ஆனால் மாமியாரிடம் என்ன சொல்வது? பிள்ளைக்கு அம்மை போட்டு இறங்கியபோது, அடுத்த தேருக்கு வடம் தொட வைக்கிறோம் என்று நேர்ந்துகொண்டதே அவர்கள்தான்.

வீட்டுக்குப் போனதும் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அத்தை, காத்து இப்படி அடிக்கே. தேரு நிலைக்கு வந்த பொறவு போயி வடத்தைத் தொட்டுட்டு வந்துரலாமா?"

"நின்ன தேருல வடம் தொட்டா அது வேண்டுதலா? ஆடின்னா காத்து அடிக்கத்தான் செய்யும். காத்துக்குப் பயந்தா மாசம் பூரா கட்டிலுக்கு அடியிலதான் கிடக்கணும்" என்றார் அத்தை. பிறகு மகளைப் பார்த்து, "ஒங்கம்மா காலேசுல படிச்சதே பயப்படத்தான் போல" என்று சிரித்தார். மகளும் சிரித்தாள்.

என்னால் முடிந்ததையெல்லாம் செய்தேன். அவள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வைத்தேன். அப்பா பெயர், தெருப் பெயர் எல்லாம் சொல்லச் சொல்லிக் கேட்டேன். பட்டுப்பாவாடை தடுக்கும் என்று பழைய கவுன் போட்டுவிட்டேன். இடுப்பில் தூக்கிக்கொண்டே போய்விடலாம் என்று நினைத்திருந்தேன். அத்தை விடவில்லை. கூட்டத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால் கால் எங்கே வைக்கிறோம் என்று தெரியாது, ஆளும் பிள்ளையும் சேர்ந்து விழுவீர்கள் என்றார். அது உண்மையாகவும் பட்டது.

அத்தை இருந்த தெருவில் பெண்கள் தேருக்குப் புறப்படும் விதமே வேறு. பிள்ளையின் மணிக்கட்டில் தாயின் முந்தானை நுனியைச் சுற்றி முடிந்துவிடுவார்கள். வியர்த்த கை நழுவினாலும் முந்தானை நழுவாது என்பது கணக்கு. என் கணவரும் நாத்தனாரும் அப்படிக் கட்டப்பட்டே தேர் பார்த்து வளர்ந்தவர்கள். அத்தை என் சுங்குடிச் சேலையின் நுனியை முறுக்கி மகளின் வலது மணிக்கட்டில் ரெட்டை முடிச்சாகப் போட்டார். நான் விரலை நுழைத்துப் பார்த்தேன். இறுக்கமாக இல்லை. ரத்தம் ஓடும். சரி என்று இருந்துவிட்டேன்.

வடத்தைத் தொட வைக்கும் வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. போலீஸ்காரர்கள் கயிறு பிடித்து ஒதுக்கிய இடத்தில் அத்தை வாதாடி எங்களை உள்ளே நுழைத்தார். மகள் இடது கையால் வடத்தைத் தொட்டாள். "சோத்துக் கையால தொடு தாயி" என்று அத்தை கத்தினார். முந்தானையோடு சேர்த்து வலது கையைத் தூக்கி வைத்தேன். அவள் உள்ளங்கை முழுக்க நார் ஒட்டியிருந்தது. அதை எனக்குக் காட்டினாள்.

திரும்பும்போதுதான் இருட்டிக்கொண்டு வந்தது. காலை நேரம் சாயங்காலம் மாதிரி ஆயிற்று. தேரை நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை போட்டார்கள். அத்தை எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். தெரு முனையில் யாரோ நீர்மோர் கொடுக்கப் போட்டிருந்த தகரப் பந்தலைக் காற்று ஒரு பக்கமாகத் தூக்கியது. ஒரு தகரம் பிய்ந்து தலைகளுக்கு மேலே போயிற்று. அது யார் மேலாவது விழுந்ததா என்று நான் பார்க்கவில்லை. அதற்குள் "ஓடு, ஓடு" என்று சத்தம். கூடவே மழை, கல்லை அள்ளி எறிந்த மாதிரி. எல்லோரும் பக்கத்துச் சந்துக்குள் புகுந்தார்கள். அந்தச் சந்து இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரில் ஒட்ட வேண்டிய அகலம்.

நான் ஓடவில்லை. என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். கால் தரையில் படவில்லை. மகளின் விரல்கள் என் கையிலிருந்து உருவிக்கொண்டன. நான் சந்துக்குள்ளே போக, அவள் சந்து வாயிலேயே சிக்கிக்கொண்டாள். எங்களுக்கு நடுவே ஆட்கள் நுழைந்துவிட்டார்கள். முந்தானை மட்டும் விறைத்து நின்றது.

எனக்கு அடுத்திருந்த தடித்த அம்மாள் ஒருத்தியின் கழுத்துக்குக் குறுக்கே அது போயிற்று.

"ஏட்டி, ஒஞ்சேலைய விடுட்டி! என் கழுத்த அறுக்கு!"

"பிள்ளையக் கட்டியிருக்கும்மா! அந்தப் பக்கம் என் பிள்ளை!"

"பிள்ளையக் கொல்லவா கட்டுன? அவுத்து விடு சனியனே!"

பின்னாலிருந்து மகளின் குரல் கேட்டது. "அம்மா, கை! கை!" அவள் தெரியவில்லை. தலைகளுக்கு இடையே சேலை நுனியும் அதில் மேலே இழுத்துக்கொண்டு நின்ற ஒரு சின்னக் கையும் மட்டும் தெரிந்தன. கூட்டம் என்னை உள்ளே தள்ளத் தள்ள அந்தக் கை நீண்டது.

விட்டால் கை பிழைக்கும். ஆனால் பிள்ளை? எனக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது அந்தச் சேலை ஒன்றுதான். அது போய்விட்டால் அத்தனை கால்களுக்கு நடுவில் அவளை எங்கே தேடுவேன்? எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. மிகக் கொஞ்ச நேரம்தான் இருக்க வேண்டும். இத்தனை வருடங்களில் அதை நான் நீட்டியும் குறுக்கியும் பார்த்திருக்கிறேன்.

பிறகு அவள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். வெறும் அலறல் மட்டும் வந்தது. நான் தோளிலிருந்த ஊக்கைப் பிடுங்கினேன். மடிப்புக் கலையாமல் ஊக்குக் குத்துவது கல்லூரியில் பழகியது. அது வளைந்து வர மறுத்தது. ரவிக்கைத் துணியோடு சேர்த்துக் கிழித்தேன். இடுப்புக் கொசுவத்தையும் உருவி விட்டேன். சேலை என்னைச் சுற்றிக்கொண்டே கழன்று ஆட்களுக்கு நடுவே ஓடி மறைந்தது.

"போச்சா? இப்பத் திரும்பு" என்றாள் அந்த அம்மாள். அவள் என்னை முன்னால் விட்டு, தன் முதுகைக் கூட்டத்துக்குக் கொடுத்துக்கொண்டு, முழங்கையால் இடித்துத் தள்ளினாள். வைத வசவுகளை எழுத முடியாது. சந்து வாய்க்கு எப்படி வந்தோம் என்று தெரியவில்லை. மூடியிருந்த ஒரு வளையல் கடையின் படியோரம் மகள் குப்புறக் கிடந்தாள். அந்த அம்மாள்தான் முதலில் குனிந்து கவுனைப் பிடித்துத் தூக்கிப் படியில் உட்கார வைத்தாள். நனைந்த சேலை முழுவதும் அந்த மணிக்கட்டில் தொங்கியது. பருத்தித் துணி, மழையில் முடிச்சு இறுகிக் கல்லாகிவிட்டது. பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தாள்.

"மொதல்ல சேலையச் சுத்து. ஆம்பளைக நிக்காங்க" என்றாள். மகளின் முழங்கையைப் பார்த்தாள். அது இருக்க வேண்டிய விதத்தில் இல்லை. அதன் பிறகு வசவு எதுவும் பேசாமல் எழுந்து போய்விட்டாள். கழுத்தில் சிவந்த கோடு இருந்தது.

அத்தை எங்களைக் கண்டுபிடித்தபோது நான் சேலையைப் பாதி சுற்றியிருந்தேன். "நடுத்தெருவுலயா இப்படி நிப்ப?" என்று ஆரம்பித்தவர், பிள்ளையைப் பார்த்ததும் அப்படியே சேற்றில் உட்கார்ந்தார்.

பெரியாஸ்பத்திரியில் அன்று வராந்தா முழுக்க ஈரச் சேலைகளும் அழுகையும். எலும்பு முறிந்து, மூட்டும் பிசகியிருந்தது. மாவுக்கட்டுப் போடும்போது நர்ஸ் கேட்டார்: "எப்படிம்மா ஆச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை சொன்னார்: "கட்டியிருந்ததுனாலதாம்மா பிள்ளை மிஞ்சுச்சு."

நர்ஸ் மாவைத் தடவினார். நான் மறுத்துப் பேச நினைத்தேன். கட்டியதால்தான் கை போயிற்று என்று சொல்ல நினைத்தேன். ஆனால் பக்கத்துக் கட்டிலில் இருந்து ஒரு பையனை மதுரைக்குக் கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். அதே சந்தில் மிதிபட்டவன். அவன் தாய் யாரிடம் என்றில்லாமல், "கையத்தான் புடிச்சிருந்தேன், கையத்தான் புடிச்சிருந்தேன்" என்று சொல்லிக்கொண்டே பின்னால் போனாள். அவன் என்ன ஆனான் என்று பிறகு தெரியவில்லை. கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

ஷிப்ட் முடிந்து வந்த கணவர், "தூக்கி வச்சிருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார். தூக்கி வைத்திருந்தால் என்ற கணக்கையும் போட்டுப் பார்த்திருக்கிறேன். தகரம் போன உயரத்தில் அவள் தலை இருந்திருக்கும். தேருக்கு வரவே இல்லை என்றால் என்பதில்தான் எல்லாக் கணக்கும் வந்து நிற்கிறது.

கட்டுப் பிரித்த பிறகு கை முழுதாக நீளவில்லை. எண்ணெய் தேய்த்தோம், மணல் பை தூக்கச் சொன்னோம். கொஞ்சம் மடங்கியேதான் இருந்தது. அத்தை வந்தால் அந்தக் கையைப் பார்க்காமலே பிள்ளைக்குச் சோறு ஊட்டுவார்.

அந்த ஐப்பசியில் தீபாவளித் துணி எடுக்க ராஜபாளையம் கடைத்தெருவுக்கு அவளைக் கூட்டிப் போனேன். விட்டு விட்டு மழை. தெருவெல்லாம் கணுக்கால் சேறு, வேட்டுக் கடைகளின் முன்னால் நெருக்கம். தளவாய்புரம் போகிற பஸ் ஒன்று கூட்டத்துக்குள் ஹாரன் அடித்துக்கொண்டே எங்களுக்குப் பின்னால் வந்தது. நான் பழக்கத்தில் கையை நீட்டினேன்.

அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டு போய்விட்டாள்.

"கை குடு தாயி. பஸ் வருது."

"பிடிக்காத. நானே வாரேன்."

"அம்மா இழுக்க மாட்டேன்."

"வேண்டாம்" என்றாள். அழவில்லை. பெரியவர்கள் விலை படியாதபோது சொல்வது மாதிரி சொன்னாள்.

பஸ் இன்னும் பின்னால் வந்துகொண்டிருந்தது. வற்புறுத்திப் பிடித்தால் உதறிக்கொண்டு எந்தப் பக்கம் ஓடுவாள் என்று தெரியாது. பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்றும் தெரியாது. பையையும் குடையையும் ஒரு கடை வாசலில் போட்டுவிட்டு, அவளைத் தொடாமல், இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு, அவளுக்குப் பின்னாலேயே குனிந்து நடந்தேன். கோழியை அடைப்பவளைப் பார்ப்பது மாதிரி ஜனங்கள் பார்த்துக்கொண்டு விலகினார்கள்.