ஐந்தாம் பத்தியில் இருந்த தண்ணீர்

பல்கலைக்கழக மக்கள் தொடர்புப் பிரிவில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். பதினேழு வருடமாக அடுத்தவர் எழுத்தை வெட்டியே சம்பளம் வாங்குகிறாள். "துணைவேந்தர் அவர்களின் பொன்னான தலைமையில்" என்று வந்தால் முதலில் பொன் போகும், பிறகு தலைமை. பதவி உயர்வு இன்னும் அவள் மேசைப் பக்கம் எட்டிப் பார்க்காததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அன்று காலை பதினொன்றே கால் மணிக்குப் பொறியாளர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அக்கா, விடுதித் தொட்டி கழுவுற மருந்து குடிதண்ணியில கலந்துடுச்சு. வால்வை மூடிட்டேன். ஆனா குழாய் பூரா அதுதான் நிக்குது. காலி பண்ண ரெண்டு மணி நேரம் ஆகும்."

பன்னிரண்டரைக்கு வகுப்பு விடும். ஆயிரத்து நூறு பிள்ளைகளும் நேராகக் குழாயடிக்குத்தான் போவார்கள்.

கத்தரி இரண்டே வரி எழுதினாள். "விடுதிக் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள். நல்ல தண்ணீர் நூலக வாசலில் கிடைக்கும்." எல்லோர் கைபேசிக்கும் செய்தி அனுப்பத் தேவையான கடவுச்சொல் பதிவாளரிடம் இருந்தது. அவருக்கும் அவளுக்கும் நடுவே மூன்று மேசைகள்.

முதல் மேசை நிறுவனத்தின் வரலாற்றையும் தொலைநோக்கையும் சேர்த்தது. இரண்டாவது மேசைக்காரர், "குடிக்காதீர்கள்னு போட்டா பயந்துடுவாங்கம்மா" என்றார்.

"பயந்தாத்தான் சார் கீழே கொட்டுவாங்க."

"தவிர்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்று மாற்றினார். மூன்றாவது மேசையில் சட்ட ஆலோசகர் தண்ணீரையே ஐந்தாம் பத்திக்குத் துரத்தினார். ஆளுக்கொரு கை அள்ளிப் போட்டார்கள், எடுக்கத்தான் ஆளில்லை.

மணி பன்னிரண்டு இருபது. பதிவாளர் முன்னால் அவள் இரண்டு வரித் தாளையும் ஒன்றரைப் பக்கத் தாளையும் வைத்தாள். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரும்.

"பெரிசுதான்மா மரியாதையா இருக்கு."

"அப்போ அதையே சத்தமா படிங்க சார். குழாயடியில நிக்கிற பிள்ளைக்குப் படிச்சுக் காட்டுற மாதிரி."

வரலாற்றைப் படித்தார். தொலைநோக்கைப் படித்தார். மூன்றாம் பத்தியில் தொண்டை வறண்டது. கண் தாளில் இருக்க, கை தானாக டம்ளரை எடுத்தது. உதட்டருகே வந்ததும் கத்தரி அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"வேணாம் சார். விடுதிக் குழாய்த் தண்ணி."

பதிவாளர் டம்ளரை மேசையில் தள்ளி வைத்தார்.

"என்னம்மா விளையாட்டு இது! முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"தாள்ல இருக்கே சார். அஞ்சாவது பத்தி. நீங்க இன்னும் அங்க வரல."

பதிவாளர் கணினிப் பக்கம் திரும்பினார். அவசரத்தில் கடவுச்சொல் இரண்டு முறை தப்பியது. இரண்டு வரிகள் பன்னிரண்டு இருபத்தெட்டுக்குப் போயின. கால் மணி நேரம் கழித்து விடுதிக் காப்பாளர் அழைத்தார்: குழாயடியில் பாதி நிரம்பிய பாட்டில்களைக்கூடக் கவிழ்த்துவிட்டார்களாம். யாரும் குடிக்கவில்லை.

உயிர் திரும்பி வந்த பிறகுதான் பதிவாளருக்குக் கோபம் வந்தது.

"விஷத்தக் கொண்டுவந்து என் மேசையில வெச்சிருக்க. எழுத்துல விளக்கம் கொடு!"

கத்தரி டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.

"காலையில வீட்டுல புடிச்சது சார். விளக்கம் எத்தனை பத்தி வேணும்?"