நூலைக் கவ்வாத மதியம்

நம்பாதவர்கள் நம்பவேண்டாம். இடது கை வெட்டுப்பட்ட என் சட்டை இன்னும் பீரோவில் இருக்கிறது. எனக்கு அது போதும்.

சீனாவின் சூசோ நகரில் பழைய பூத்தையல் பட்டுகளைப் பழுது பார்ப்பது என் வேலை. நாற்காலி உறை, மேசைத் தொங்கல், கட்டில் திரை என்று முப்பத்தொரு வருடங்கள் பார்த்துவிட்டேன். ஜூன் மாத அடைமழையில் இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் ஒரு பழைய வியாபாரி வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே ஒரு கல்யாணக் கட்டில். மூன்று பக்கமும் கூரையும் செதுக்கிய மரம். முன்பக்கம் மட்டும் இரண்டு சிவப்புப் பட்டுத் திரைகள். அவற்றில் நிறைய மாதுளம்பழங்களும் விளையாடும் குழந்தைகளும். நூற்றைம்பது வருடப் பட்டு, விரல் பட்டாலே உதிர்ந்தது. உள்பக்கத்து லைனிங்கை உறுதிப்படுத்தினால்தான் கழற்ற முடியும். அதற்குக் கட்டிலுக்குள் ஏறி, திரைகளை மூடிக்கொண்டு உட்கார வேண்டும்.

காவலாளி பாவ் சாப்பிடக் கிளம்பினான்.

"துணிக்குள்ள உக்காந்து தைக்கிறீங்களே, லு அக்கா. நூலைக் கவ்விக்குங்க."

எங்கள் ஊரில் அப்படித்தான். உடம்பில் போட்டிருக்கும் துணியைத் தைத்தால், போட்டிருப்பவர் பல்லில் ஒரு நூலைக் கவ்விக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஆளையும் சேர்த்துத் தைத்ததாகிவிடும் என்பாள் என் அம்மா.

"இது நான் போட்டிருக்கிற துணியா? போய் நூடுல்ஸைத் தின்னு. விலாங்கு மீன் தீர்ந்துடப் போகுது."

சிரித்துக்கொண்டே அறையைப் பூட்டிவிட்டுப் போனான். பார்வையாளர்கள் நுழையக்கூடாது என்பதற்காக எப்போதும் பூட்டுவான். மணி 12.10.

12.35. மேல் ஓரம் முடிந்தது. பக்கத்தில் பலகை 'கிறீச்' என்றது. நான்தான் அசைந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

12.41. உள்ளே வைத்திருந்த விளக்கு மங்கியது. காலையில்தான் புது பேட்டரி போட்டிருந்தேன்.

அப்போதுதான் கேட்டது.

டொப்... ஸ்ஸ்ர்ர்...

இறுக்கமான பட்டில் ஊசி இறங்கும் சத்தம். பிறகு நூல் இழுபடும் சத்தம். முப்பத்தொரு வருடம் கேட்ட சத்தம், எனக்குத் தப்பாது. என் ஊசி மடியில் சும்மா கிடந்தது.

"பாவ், விளையாடாதே."

டொப்... ஸ்ஸ்ர்ர்...

விளக்கு அணைந்தது. திரையை விலக்கக் கை நீட்டினேன். இரண்டு ஓரங்களும் ஒட்டிக்கொண்டிருந்தன. தடவிப் பார்த்தேன்... வரிசையாகத் தையல். கீழிருந்து மேலே வந்துகொண்டிருந்தது.

"யாரு வெளியே? திறங்க."

திரையைத் தட்டினேன்.

கத்தரிக்கோல் வெளியே முக்காலியில் இருந்தது. பழைய பட்டு போனால் போகட்டும் என்று முட்டியால் குத்தினேன். விரல் பட்டாலே உதிர்ந்த பட்டு, இப்போது பலகை மாதிரி நின்றது.

மூச்சு முட்டியது. இங்கேயே செத்துப்போவேன் என்றுதான் நினைத்தேன்.

டொப்...

இடது கையை இழுத்தேன். வரவில்லை.

சட்டைக் கை திரையோடு சேர்ந்திருந்தது.

டொப்... மணிக்கட்டு.

டொப்... முழங்கை.

அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. மடியைத் துழாவினேன். ஒரு நூல். பல்லில் வைத்துக் கடித்தேன்.

சத்தம் நின்றது.

அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கடித்தபடியே இருந்தேன்.

1.22. பூட்டு திறந்தது. பாவ் கத்தரிக்கோலால் தையலை வெட்டி, என் சட்டைக் கையையும் வெட்டி, என்னை வெளியே இழுத்தான். அவனை ஓங்கி அறைந்தேன்.

"பூட்டு பூட்டினபடியே இருந்துச்சுக்கா. சாவி என் இடுப்புல. நான் எப்படிக்கா வந்து தைப்பேன்?"

அழுதுவிட்டான். நானும்தான். இருந்தாலும் அவனை முழுதாக நம்பவில்லை. வெளியே நின்று யாரோ செய்த குறும்பு என்றுதான் ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 23. வேறு ஆட்கள் திரையைக் கழற்றி எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். என் சட்டைத் துண்டு அதில் தொங்கிக்கொண்டிருந்தது. உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். பட்டில் ஒரு புதுத் துளை கூட இல்லை. முன்பு எப்போதோ இதே இரண்டு ஓரங்களையும் சேர்த்துத் தைத்த பழைய துளைகளிலேயே ஊசி போயிருந்தது.

எங்கள் தையலில் முடிச்சு கிடையாது. நூலின் தொடக்கத்தையும் முடிவையும், தைப்பவர் தான் இருக்கும் பக்கத்தில் குட்டித் தையலாக மறைத்துவிடுவார். வெளிப்பக்கம் தேடினேன். இல்லை. திரையைத் திருப்பினேன்.

இரண்டுமே உள்பக்கம் இருந்தன.

நான் வெளியே இருப்பவரிடம் திறக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தேன். தைத்தவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.