ரஹ்மா ஆன்ட்டி வரைந்த ஜன்னல்

நம் குதைபியா கட்டடத்தின் வாட்ஸ்அப் குழுவில் பெரும்பாலும் இரண்டே செய்திதான் வரும். தண்ணீர் வராது, வேனை எடுங்கள். இரண்டாவது யாருக்கு என்று நம் எல்லோருக்கும் தெரியும். போன வெள்ளிக்கிழமை மூன்றாவதாக ஒன்று வந்தது. வேன் நின்ற இடத்திலேயே நிற்கிறது, ரஹ்மா ஆன்ட்டிதான் நம்மை விட்டுப் போய்விட்டார்.

ஆன்ட்டி வீட்டு மாமாவின் ஜவுளிக்கடைக்குத் துணி ஏற்ற வாங்கிய அந்த வேன்தான் ஆன்ட்டி படம் வரையும் அறை. இந்த வளைகுடா வெயிலில் வெளியே உட்கார்ந்தால் சாயம் தூரிகையிலேயே காய்ந்துவிடும். காகிதத்தில் சொட்டுவது வேர்வைதான். “அதுவும் வாட்டர் கலர்தானே ஆன்ட்டி?” என்று ஒருநாள் எட்டிப் பார்த்தேன். “ஏளா, உள்ள வா, இல்லாட்டி கதவைச் சாத்து. ஏசி போவுது” என்றார். காயல்பட்டினத்துப் பேச்சு கடைசிவரை மாறவில்லை.

இடிக்கப்போகும் வீடுகளை மட்டுமே வரைவார். வேன் கண்ணாடியோரம் ஒரு பழைய லண்டன் சத்திரத்தின் படம் ஒட்டியிருக்கும். விக்டோரியா ராணி காலத்து ஓவியர் ஒருவர் வரைந்தது. கடப்பாரை வருவதற்குள் அந்த மனிதர் ஸ்டூலோடு போய் உட்கார்ந்துவிடுவாராம். வாழ்நாள் முழுக்க அதே வேலை. “உடைஞ்ச ஓடுகளை ஒட்டவெச்சு வரையல பாரு. இருந்தது இருந்தபடி. அதான்ளா அவரு” என்பார் ஆன்ட்டி. ஆன்ட்டியும் அப்படியே. மரச் சித்திர வேலை செய்த பால்கனியை வரைந்தால், அதில் காயும் பனியனும் கூடவே வரும். ஓவியத்தில் ஆன்ட்டி கொஞ்சம் ஓவர் என்று அவர் காதுபடவே சொல்லியிருக்கிறேன்.

நம் எதிர்வீடு இடிபட ஒரு வாரம் இருக்கும்போது, படம் முக்கால்வாசி முடிந்திருந்தது. அந்த வீட்டு மாடியில் தங்கியிருந்த முருகேசன் அண்ணன் வேன் பக்கம் வந்தார். அரியலூர்க்காரர், கட்டட சைட்டில் வேலை. படத்தைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

“அக்கா, இந்த ஜன்னல்ல அடுக்குக் கட்டில் தெரியுதே.”

“இருக்குல்ல தம்பி?”

“இருக்கு. ஆனா ஊர்ல தனி ரூம்னு சொல்லி வெச்சிருக்கேன். இந்த பால்கனிகிட்ட நின்னு போட்டோவும் அனுப்பிட்டேன். நம்ம தமிழ்ச் சங்கத்துல படத்தை வெச்சு ஃபேஸ்புக்ல போட்டா, என் வீட்டுக்காரி கட்டிலை எண்ணிடும்கா. அழிச்சிடுங்க.”

“இருக்கறதை இல்லைன்னு வரைய மாட்டேன்.”

“கட்டில்ல இருக்கவங்களைக் கண்ணை மூடச் சொல்லலாம், யாருக்கும் தெரியாது” என்றேன். இருவரும் சிரிக்கவில்லை. அண்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை ஆன்ட்டி அந்த முக்கால்வாசிப் படத்தை எடுத்து நான்காகக் கிழித்தார். நான் கத்தியேவிட்டேன். அவரோ மாமா கடையிலிருந்து பூப்போட்ட துணி ஒன்றைக் கொண்டுவந்து, எதிர்வீட்டு மாடியேறி அண்ணனிடம் கொடுத்து, ஜன்னலில் கட்டச் சொன்னார். மூச்சு வாங்க இறங்கி வந்து ஏசியைப் போட்டார்.

“இப்ப திரை இருக்கு. இருந்தபடி வரையலாம்.”

முதலிலிருந்து ஆரம்பித்தார். கடைசிச் செங்கல்லுக்குச் சாயம் பூசும்போது இடிப்பதற்காக வீட்டைச் சுற்றிலும் தகரம் அடித்தாகிவிட்டது.

சங்கத்தில் படம் மாட்டிய மறுநாள் அண்ணன் மறுபடி வந்தார். “வீட்டுக்காரி போன் பண்ணிச்சுக்கா. திரையெல்லாம் போட்டு ஜோரா இருக்கே, எங்களை எப்பக் கூப்பிடப் போறேன்னு கேட்டுச்சு.” வேன் படியில் உட்கார்ந்தார். “எல்லாத்தையும் சொல்லிட்டேன். அழுதுச்சு. அப்புறம், அந்தத் துணியைப் பத்திரமா எடுத்துட்டு வா, நம்ம வீட்டுக்குக் கட்டலாம்னுச்சு.”

அவர் போனதும் கேட்டேன்: “அப்போ நீங்க கிழிச்சது வேஸ்ட்டா ஆன்ட்டி?”

“வேஸ்ட் ஏன்ளா? அவரு ஜன்னல், அவரே திறந்தாரு. நான் திறந்திருந்தா அது வேற.”

உங்களில் பலர் வீட்டுச் சுவரில் ஆன்ட்டியின் படங்கள் தொங்குகின்றன. நான் வைத்துக்கொண்டது இந்தப் பதிலை. கண்ட ஜன்னலிலும் தலையை நீட்டும் என்னைப் போன்ற ஆளுக்கு, நுழைவதற்கு முன் நின்று படிக்க ஏதாவது ஒன்று வேண்டுமே.