ருக்மணி வீட்டுக்குப் போன ஒயர்

சித்தூரில் மெட்ராஸ் டிவி பார்க்க வேண்டுமென்றால் வேதநாயகத்தைத்தான் கூப்பிட வேண்டும். அறுபதடி பைப்பின் உச்சியில் ஆன்டெனா கட்டி, கிழக்கே திருப்பி, பூஸ்டர் போட்டுக் கொடுப்பார். ஞாயிறு காலை சர்ச்சில் இருப்பார். மற்ற நேரமெல்லாம் யார் வீட்டு மொட்டைமாடியிலாவதுதான்.

எண்பத்துநான்கில் எங்கள் தெருவில் அவர் வீட்டில் மட்டும்தான் ஆன்டெனா கம்பம் இருந்தது. வெள்ளிக்கிழமை சினிமாப் பாட்டுக்குத் தெருவே அங்கே கூடும். அங்கே டிவியில் படம் தெரிகிற தெளிவைப் பார்த்துத்தான் ஆட்கள் அவருக்கு வேலை கொடுத்தார்கள். படம் தெளிவாக இருப்பது அவருக்கு மானப் பிரச்சினை.

அந்த ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை திரை முழுக்கப் புள்ளியாகிவிட்டது. மாடிக்கு ஓடினார். ஆன்டெனா ஒயரில் யாரோ ஒட்டுப்போட்டு, பக்கத்து வீட்டுக்குள் இழுத்திருந்தார்கள். அது பஸ் கண்டக்டர் சிவசங்கரனின் வீடு. அவர் மனைவி ருக்மணிக்கு இரண்டு வருஷமாக இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. படுத்தே கிடப்பவளுக்குப் பொழுதுபோகட்டும் என்று பழைய டிவி ஒன்று வாங்கியிருந்தார். கம்பம் நட வசதியில்லை.

வேதநாயகம் ஒயரை வெட்டிவிட்டு நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். நாங்களும் பின்னாலேயே போனோம். திருப்பதி பஸ்ஸிலிருந்து இறங்கிய சிவசங்கரனைப் பிடித்துக்கொண்டார்.

"திருட்டுத்தனமா ஒயர் இஸ்துக்கினு என் படத்தக் கெடுக்கிறியே, வெக்கமா இல்ல?"

ஓசியில் படம் பார்க்கிற நாங்கள்தான் அவரைவிடச் சத்தமாகத் திருடன் என்று கத்தினோம். நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. சிவசங்கரன் டிக்கெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

ஒயரை வெட்டியும் படம் தெளியவில்லை. மழைக்காலத்தில் மெட்ராஸ் படம் அப்படித்தான் வரும். ஊருக்கெல்லாம் அதைச் சொல்கிறவரே கோபத்தில் மறந்துபோனார். நினைவு வந்த பிறகும் இறங்கிப்போக வீம்பு விடவில்லை. தை பிறந்ததும் படம் பளிச்சென்று வந்தது. அந்த மாதமே ருக்மணி இறந்துபோனாள்.

அவளை எடுத்துப்போன அன்று சாயங்காலம் வேதநாயகத்தின் மனைவி எலிசபெத் அழுதுகொண்டே சொன்னார்.

"ஒயர் நான்தான் குட்த்தேன். கேட்டா நீங்க ஒத்துக்க மாட்டீங்கன்னு சொல்லல. அந்த அண்ணன் என்னைக் காட்டிக் குடுக்கல. நானும் பயந்து வாயமூடிக்கினு இருந்துட்டேன்."

வேதநாயகம் செருப்புக்கூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடி, சிவசங்கரனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் வாசலில் நின்றிருந்தேன். சிவசங்கரன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஒயர் வெட்டினது அவளுக்குத் தெரியாதுண்ணா. காத்து சரியில்ல, மாறினா படம் வரும்னு சொல்லிவெச்சேன். தெனம் டிவியப் போடச் சொல்லி அந்தப் புள்ளியவே பார்த்துக்கினு இருந்தா. நேத்து காலைலகூட, காத்து மாறிடுச்சான்னு கேட்டா."